மூன்று தடவை கேட்பது வழக்கம்

எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம்தான். மூன்றாம் தடவை கேட்கும்போது, "சரி, இவ்வளவு சொல்றீங்க" என்று அலுத்துக்கொண்டே வாங்கிக்கொள்ளலாம். காபிக்கும் இதே முறை. பனியில் மாட்டிய காரை இழுத்துவிட வருகிறவருக்கும் இதே முறை. தீப்பிடித்த வீட்டில் இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. மினசோட்டாவின் மேற்கு ஓரம், சுற்றிலும் சர்க்கரை பீட்ரூட் வயல், நடுவில் லூத்தரன் தேவாலயம், அதற்குள் நார்வேயிலிருந்து வந்தவர்களின் வழிவந்த நாங்கள். முதல் தடவையிலேயே கை நீட்டுகிறவனை நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம். அவன் செத்த பிறகும் அதைப் பற்றிப் பேசுவோம், அவ்வளவுதான்.

என் அண்ணன் டிரெவரின் வேலை இந்த வழக்கத்தால்தான் போயிற்று என்று ஊரில் பேச்சு. டெக்சாஸ்காரன் ஒருவனுக்கு மரியாதை தெரியவில்லை, அதனால் நம்ம பையன் வீட்டோடு உட்கார்ந்துவிட்டான் என்கிறார்கள். அந்த ஆள் பேசியபோதெல்லாம் நான் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். நடந்தது வேறு.

டிரெவர் தொழில்முறைக் கால்பந்தில் ஃபுல்பேக். கால்பந்து என்று பேரே தவிர இங்கே காலுக்கு அதிகம் வேலை கிடையாது. ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவான். அவனைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது, அவன் பெயர்தான் குழந்தைகளின் சட்டையில் இருக்கிறது. அவனுக்கு முன்னால் இன்னொருவன் ஓடுவான். எதிரே வருகிற தடியன் மேல் மோதி இரண்டு பேரும் கீழே விழுவார்கள். பந்துக்காரன் அவர்களைத் தாண்டிப் போவான். அந்த முன்னால் ஓடுகிறவன்தான் என் அண்ணன். அவன் வருகிற புகைப்படங்களில் எல்லாம் ஓரத்தில் ஒரு பூட்ஸ் தெரியும். அந்தப் பூட்ஸ் அவனுடையது. அம்மா அவற்றைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

இது எங்கள் குடும்பத்தில் ஓடுகிற வியாதி. தாத்தா பள்ளிக்கூட அணியில் ஃபுல்பேக்காக இருந்து மூக்கை இரண்டு பக்கமும் உடைத்துக்கொண்டவர். அப்பா ஆர்லன் ப்ரெக்கியும் ஃபுல்பேக்தான். சின்னக் கல்லூரி ஒன்றில் ஒரு வருடம் மோதிவிட்டு, முட்டியைக் கொடுத்துவிட்டு, கவுண்டி நிர்வாகத்தில், அதாவது எங்கள் மாவட்ட ஆபீசில், பனி தள்ளும் லாரி ஓட்ட வந்துவிட்டார். அதுவும் அதே வேலைதான். பனிப்புயலில் அப்பா முன்னால் தள்ளிக்கொண்டு போவார், பின்னால் ஊர்க் கார்கள் வரிசையாக வரும், ஊருக்குள் வந்ததும் எல்லாம் அவரைத் தாண்டிப் போகும். கோடையில் அதே சாலை ஓரங்களில் புல் வெட்டுவார். யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. கடையில் உப்பு எந்த வரிசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்க மாட்டார். உப்பில்லாமல் வீட்டுக்கு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அப்பா நிலவறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருவார். அண்ணனின் ஆட்டத்தை ஒன்றுகூட விட்டதில்லை. தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். கேட்டால் வெயில் கண்ணைக் குத்துகிறது என்பார். எங்கள் நிலவறைக்கு ஜன்னல் கிடையாது. ஆட்டம் முடிந்து மேலே வந்ததும் அம்மாவிடம், "யாரு ஜெயிச்சா?" என்பார். அண்ணனை மட்டும் கவனிக்கிறார், பந்தைக் கவனிப்பதில்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

கல்லூரியில் ஆடி முடித்த டிரெவரை எந்த அணியும் தேடி எடுக்கவில்லை. தானாகப் போய்க் கதவருகே நின்றான், உள்ளே விட்டார்கள். அதன்பின் நாலு அணி. ஒரு கட்டத்தில் அவனைத் திங்கட்கிழமை நீக்குவார்கள், சனிக்கிழமை திரும்பச் சேர்ப்பார்கள். வாரத்தின் நடுவில் அணியின் ஆள் கணக்கில் ஒருவர் குறைவதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. ஊருக்கு இது புரியவில்லை. நீக்கப்பட்டான் என்று செய்தி வந்தால் தேவாலயத்துப் பெண்கள் கறிப் பாத்திரத்தோடு வந்துவிடுவார்கள். அடியில் மாட்டுக்கறி, மேலே உருளைக்கிழங்கு உருண்டை, நடுவில் டப்பா சூப். சாவுக்குக் கொண்டுவருகிற அதே பாத்திரம். வாரா வாரம் சாவு விழுகிற வீடு போல எங்கள் உறைபெட்டி நிறைந்து கிடந்தது.

இந்த வருடம் ஒப்பந்தம் முடிந்து, யாரும் கூப்பிடாமல், அண்ணனும் அண்ணி தெரேசாவும் ஜூலையில் வீட்டுக்கு வந்தார்கள். கல்லூரி விடுமுறை என்பதால் நானும் இருந்தேன். காலையில் டிரெவர் மாடியிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். பின்பக்கமாக இறங்கினான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மரத்திலிருந்து இறங்குகிற கரடி போல ஒவ்வொரு படியாக.

"என்னடா இது, ரிவர்ஸ் கியரா?"

"இப்படித்தான் முட்டி ஒத்துக்குது. போய் காபி போடு."

அவன் சட்டைப் பொத்தான்களை அண்ணிதான் போட்டுவிட்டாள். வலது கை விரல்கள் அவ்வப்போது மரத்துப்போகும். கழுத்தில் ஏதோ நரம்பு. அம்மா அதைப் பார்த்துவிட்டு, கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் எவ்வளவு அன்னியோன்யம் என்று நெகிழ்ந்தாள்.

ஆகஸ்டில் பயிற்சி முகாம் தொடங்கிய வாரம், சாப்பிட்டு முடித்த நேரத்தில் தொலைபேசி வந்தது. டிரெவரால் அதைக் கையில் ரொம்ப நேரம் பிடிக்க முடியாது. மேசையில் வைத்து ஒலியைத் திறந்துவிட்டான். கடைசியாக ஆடிய அணியின் புது மேலாளர் ஹாலிஸ். டெக்சாஸ்காரர். வசந்தத்தில்தான் அந்த வேலைக்கு வந்தவர்.

"டிரெவர்! எப்படிய்யா இருக்க?"

"மோசமில்ல சார்."

மோசமில்லை என்பது எங்கள் ஊரில் மாரடைப்புக்கும் லாட்டரிக்கும் பொதுவான பதில்.

"நம்ம புதுப் பையன் கணுக்கால ஒடச்சிக்கிட்டான். நீ ஒரு வருஷம் வந்து ஆடிக் குடு. நாளைக்கே டிக்கெட் அனுப்பறேன்."

"ஐயோ, வேணாம் சார். உங்ககிட்ட சின்னப் பசங்க நெறைய இருப்பாங்களே."

அம்மா மெச்சுதலாகத் தலையசைத்தாள். வளர்ப்பு வீண் போகவில்லை.

"நெஜமாத்தான் சொல்றியா?"

"ஆமா சார்."

"சரிப்பா. புரியுது. உடம்பப் பாத்துக்க." வைத்துவிட்டார்.

நாங்கள் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா குனிந்து அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"லைன் கட்டாயிருச்சு போல," என்றாள் அம்மா.

தெரேசா நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த இத்தாலிக்காரி. அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம். "கட்டாகல அத்தை. வேணாம்னார், அவன் வச்சுட்டான். இதுல என்ன புரியல உங்களுக்கு?"

"ஒரு தடவதானம்மா கேட்டான்?"

"எங்க ஊர்ல ஒரு தடவதான் கேப்போம். ரெண்டாவது தடவ கேட்டா அதுக்குப் பேரு மிரட்டல்."

டிரெவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, நான் நெஜமாவே வேணாம்னுதான் சொன்னேன்."

"தெரியும்ப்பா," என்றாள் அம்மா பூரிப்போடு. "எவ்ளோ அழகா சொன்ன."

அப்பா அவன் தோளில் தட்டினார். "கூப்பிடுவான். நீ கவலப்படாத."

மேசை நடுவில் ஒரு தகரத் தட்டு இருந்தது. வேர்க்கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் போட்டு அம்மா செய்கிற இனிப்பு, அதில் கடைசித் துண்டு. கடைசித் துண்டை எங்கள் ஊரில் யாரும் எடுக்கக் கூடாது. பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவன் மிச்சத்தைப் பாதியாக்குவான். அப்பா கத்தியை எடுத்துப் பாதியாக்கினார். தட்டு மறுபடி மூடிவைக்கப்பட்டது.

சாயங்காலம் டிரெவரும் நானும் அப்பாவின் பழைய பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே பீட்ரூட். எங்கள் ஊரில் எங்கே உட்கார்ந்தாலும் எதிரே பீட்ரூட்தான்.

"டேய், என்னால முடியலடா," என்றான்.

"எது?"

"எல்லாம். காலைல எந்திரிச்சா எங்கேர்ந்து வலி ஆரம்பிக்குதுன்னே தெரியல. வருஷம் பூரா எவனோ ஒருத்தன் ஓடறதுக்கு நான் செவுத்துல முட்டிக்கிட்டு இருக்கேன். போதும்."

"அப்ப அப்பாகிட்ட சொல்லு."

"சொன்னேனே. எல்லார் முன்னாடியும் சொன்னேனே, வேணாம்னு. வேற எப்படிடா சொல்றது?"

யோசித்தேன். உண்மையிலேயே எங்கள் ஊரில் அதற்கு வழி இல்லை. "கத்திச் சொல்லேன்."

"நம்ம வீட்ல யாரு கத்தியிருக்கா?"

"அம்மா ஒரு தடவ கத்துனா. பாதிரியாரோட நாய் கோழியத் தூக்கிட்டுப் போனப்ப."

"அப்பக்கூட மறுநாள் அந்த நாய்க்குக் கேக் செஞ்சு அனுப்புனாங்க." அவன் வலது கையை இடது கையால் பிசைந்துகொண்டான். "விஷயம் அது இல்லடா. நான் நிறுத்திட்டா அப்பா ஞாயித்துக்கிழம என்ன பண்ணுவாரு? அவருக்கு வேற என்ன இருக்கு, சொல்லு."

"புல் இருக்கு."

"டிசம்பர்ல?"

அண்ணியிடம் கேட்டேன், நீங்களாவது சொல்லக் கூடாதா என்று. "நான் சொன்னா, ஜெர்சிக்காரி புருஷனக் கெடுத்துட்டான்னு உங்கம்மா அடுத்த இருபது வருஷத்துக்கு என்கிட்ட ரொம்ப அன்பா நடந்துப்பாங்க. அந்த அன்ப என்னால தாங்க முடியாது. அவர் வாயால வரட்டும்," என்றாள்.

செய்தி ஊருக்குள் போயிற்று. டிரெவருக்கு அழைப்பு வந்தது, முதல் வேண்டாம் சொல்லியாயிற்று என்று. பெட்ரோல் நிலையத்தில் முன்பின் பேசாத ஆள் அவன் கையைக் குலுக்கி, "ரெண்டாவதும் நல்லபடியா சொல்லு" என்று வாழ்த்தினான். குலுக்கியது வலது கை. டிரெவர் முகம் மாறாமல் நன்றி சொன்னான். எட்டு வருடம் காசு வாங்கிக்கொண்டு வலியை மறைத்த முகம் அது. சும்மா கிடைத்துவிடாது.

ஹாலிஸ் திரும்பக் கூப்பிட்டார். காலை உணவு நேரம், எல்லோரும் இருந்தோம்.

"டிரெவர், மாத்து ஆளும் ஊருக்குப் போயிட்டான்யா. அம்மா ஞாபகம் வந்துருச்சாம். இப்ப எனக்கு நீதான். தொடக்க ஆட்டத்துலேர்ந்து எறக்கறேன்."

"வேணாம் சார். நெஜமா வேணாம்."

'நெஜமா' கொஞ்சம் அதிகப்படி என்று அம்மா சைகை காட்டினாள்.

"கல்லு மாதிரி இருக்கியேய்யா. சரி, இதுக்கு மேல தொந்தரவு பண்ணல. நல்லா இரு."

இந்தத் தடவை லைன் கட்டாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அப்பா எழுந்து ஜன்னலுக்குப் போனார். அவர் கழுத்து சிவந்திருந்தது.

"இதுக்கு மேல தொந்தரவு பண்ணலன்னு சொன்னானே," என்றார். "மூணாவது கேக்க மாட்டானோ?"

"கேக்க மாட்டான் மாமா," என்றாள் தெரேசா. "அவன் டெக்சாஸ்."

"அதுவும் அமெரிக்காவுலதான இருக்கு?" என்றாள் அம்மா.

டிரெவரின் முகத்தில், நீண்ட நாளைக்குப் பிறகு காலணியைக் கழற்றியவனின் களை. மூன்றாம் அழைப்பு வராது. யாருடைய மனமும் நோகாமல், தான் எதுவும் சொல்லாமல், காரியம் தானாக முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு மனிதன் அடையக்கூடிய உச்சபட்ச நிம்மதி அது. அவன் இனிப்புத் துண்டில் பாதி வெட்டி எடுத்துக்கொண்டான்.

அடுத்த இரண்டு நாள் கறிப் பாத்திரங்கள் வந்தன. கொண்டுவந்த பெண்கள் கதவருகே நின்று ஹாலிஸின் வளர்ப்பைப் பற்றி மென்மையாகப் பேசினார்கள். அப்பா விடிவதற்கு முன்பே புல் வெட்டப் போனார், இருட்டியபின் வந்தார். ஏற்கெனவே வெட்டிய சாலையையே மறுபடி வெட்டுகிறார் என்று கவுண்டி ஆபீசிலிருந்து வருத்தத்தோடு தெரிவித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து வந்து காபிக்கு உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. திரையில் ஹாலிஸ் பெயர். இதுதான் ஊர்க் கதையில் வராத பகுதி. டிரெவர் அதைத் தொடவே யோசித்தான். அம்மா அவனுக்காக அழுத்தினாள்.

"டிரெவர், நான்தான். இங்க பாரு, எனக்கு இந்த விஷயம் ஒண்ணும் புரியல. உங்கப்பா கூப்பிட்டாரு."

அப்பா காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"ஆபீஸுக்குக் கூப்பிட்டு எங்க ரிசப்ஷன் பொண்ணுகிட்ட அரை மணி நேரம் வானிலை பத்தியே பேசியிருக்காரு. அப்புறம் என்கிட்டயும் வானிலைதான். கடைசில, சிரமம் இல்லன்னா இன்னொரு தடவ அவனக் கேளுங்க, மூணாவது தடவதான் அவன் நெஜமான பதிலச் சொல்லுவான், எங்க பக்கம் அப்படித்தான்னாரு. அதான் கேக்கறேன். வர்றியா?"

வாழ்நாளில் உப்பு எங்கே என்று கேட்காத மனிதர் டெக்சாஸ்காரனிடம் கேட்டிருக்கிறார். டிரெவர் அவரைப் பார்த்தான். அவர் காது நுனி வரை சிவந்திருந்தது. தெரேசா மேசைக்குக் கீழே டிரெவரின் மரத்த கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அவனுக்கு அது தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

எதிரே வருகிறவனை எத்தனையோ தடவை இடித்துத் தள்ளியவன். இப்போது எதிரே இருந்தது அப்பா.

"லைன்ல இருக்கியா?" என்றார் ஹாலிஸ்.

"இருக்கேன் சார்."

"வர்றியா, இல்லையா?"

"வேணாம்," என்றான் டிரெவர்.

'சார்' இல்லை, 'ஐயோ' இல்லை, சின்னப் பசங்க இல்லை. அந்த வீட்டில் அவ்வளவு அம்மணமாக ஒரு வேண்டாம் அதுவரை கேட்டதில்லை.

"இது மூணாவது. இதான் கடைசியா?"

"இதான் கடைசி."

"அப்பாடா," என்றார் ஹாலிஸ். "உங்கப்பாவுக்கு என் வணக்கத்தச் சொல்லு. அங்க திங்கக்கிழம மழையாம்." வைத்துவிட்டார்.

டிரெவர் தொலைபேசியை மேசை ஓரத்துக்குத் தள்ளினான்.

"அப்பா," என்றான் டிரெவர், "மொத தடவ சொன்னதே நெஜம்தான்."

அப்பா தலையாட்டினார். "எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

"சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்கு ஞாயித்துக்கிழம மத்தியானம் வேணுமேன்னு ஆடிட்டு இருந்தேன்."

அப்பா தொப்பியை எடுத்து முட்டியில் வைத்துக்கொண்டார். அதன் விளிம்பைத் தடவினார். விளிம்பு பல் பட்டுப் பட்டு நைந்து போயிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"எனக்கா?" என்றார். "நீ முட்டறத நான் பாத்ததே இல்லப்பா. எனக்கு ஆகாது. தொப்பிக்குப் பின்னாடி கண்ண மூடிட்டு உக்காந்திருப்பேன்."

"எட்டு வருஷமா?"

"பள்ளிக்கூடத்துலேர்ந்து."

"அப்ப எதுக்குப்பா அந்த ஆளக் கூப்பிட்டீங்க?"

"உனக்கு ஆசன்னு நெனச்சேன். வாய் விட்டுக் கேக்க மாட்ட, போயிருமேன்னு." அவர் முட்டியைத் தட்டிக்கொண்டார். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. வானிலையப் பத்தி நல்லாப் பேசுச்சு."

தெரேசா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். இரண்டும்தான். "கடவுளே," என்றாள் விரல்களுக்குள்ளிருந்து, "உங்க குடும்பத்துல ஒருத்தராவது ஒரு தடவ வாயத் தொறந்திருந்தா இவர் கழுத்து இந்நேரம் திரும்பியிருக்கும்."

அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது அவள் செய்கிறதைச் செய்தாள். தகரத் தட்டைத் திறந்து மேசை நடுவே தள்ளினாள். ஒரு வாரம் வெட்டி வெட்டி அந்தத் துண்டு கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்திருந்தது. ஓரம் காய்ந்துவிட்டது.

"இத யாராவது எடுத்துக்கோங்களேன்," என்றாள், கத்தியையும் பக்கத்தில் வைத்து.

"குடுங்க," என்றான் டிரெவர்.

இடது கையால் எடுத்து, முழுசாக வாயில் போட்டுக்கொண்டான்.

அம்மா அவனைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். வேலையை விட்டதைவிட இது அவளை அதிகம் உலுக்கிவிட்டது. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, காபியைக் குடித்தார்.

"காஞ்சு போச்சும்மா," என்றான் டிரெவர் மென்றுகொண்டே. "போன வாரமே எடுத்திருக்கணும்."

அம்மா எழுந்து தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரமாக அதைக் கழுவ வழி இல்லாமல் இருந்தது.